சுவாசம் தடைபடாதிருக்க



மழைக்காலத்தில் ஓர் இரவு. கல்வராயன் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து எட்டு மாதக் கைக்குழந்தை ஒன்றை நம் வார்டுக்குத் தூக்கி வந்தார்கள். நிமிடத்துக்கு அறுபது தடவைக்கு மேல் மூச்சு வாங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்கூட்டின் அடிப்பக்கம் உள்ளே இழுத்தது. பாதத்தில் மாட்டிய சிறு கருவி 84 என்று காட்டியது. செவிலியர் மூக்குக் குழாயை எடுத்ததும் பாட்டியம்மாள் குறுக்கே வந்து நின்றார்.

"வேணாங்க ஐயா. எங்க வூட்டுக்காரருக்கும் இதத்தான் வச்சாங்க. மறுநாளே போயிட்டாரு."

இந்தச் சொல்லை நாங்கள் பல வருஷங்களாகக் கேட்டு வருகிறோம். 'ஆக்சிஜன் வைத்தால் முடிந்தது' என்பது நம் கிராமங்களில் ஆழமாய் வேரூன்றிவிட்ட பயம். அது மூடநம்பிக்கை என்று தள்ளிவிடலாகாது. நேரம் கடந்தபின் வைத்ததையும், பாதியில் தீர்ந்துபோனதையும் கண்ட ஜனங்கள் அவர்கள். ஆகவே இந்த மாதப் பாடத்தில், பிராணவாயு ஒரு நோயாளியின் மூக்குவரை எப்படி வந்து சேருகிறது, வழியில் எங்கே தடைபடுகிறது என்பதைச் சேர்ந்து படிப்போம்.

1. பிராணவாயு ஒரு மருந்து

நாம் சுவாசிக்கும் காற்றில் பிராணவாயு 21 சதவீதம். நிமோனியா கண்ட நுரையீரலுக்கு இது போதாது. அப்போது அதைச் செறிவாக, நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று அளந்து கொடுக்கவேண்டும். அளவு மிஞ்சினால் குறைமாதக் குழந்தைகளின் கண்பார்வை கெடும். உலக சுகாதார நிறுவனம் 2017-ஆம் ஆண்டு வெளியிட்ட அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில், இரத்தத்தில் பிராணவாயு குறைந்தவர்களுக்குரிய மருந்தாகவே இதைச் சேர்த்தது.

யாருக்குத் தேவை என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். உதடு நீலம் பாய்வது தாமதமாய் வரும் அறிகுறி; கறுத்த நிறமுள்ள நம் பிள்ளைகளில் அதுவும் எளிதில் தெரியாது. 1974-இல் ஜப்பானியரான தக்குவோ அவோயாகி கண்டறிந்த முறையில் இயங்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இந்தக் குறையைத் தீர்த்தது. 95-க்கு மேல் இருந்தால் நலம். 90-க்குக் கீழே இறங்கினால் உடனே பிராணவாயு வேண்டும்.

பப்புவா நியூ கினியில் ஐந்து மருத்துவமனைகளுக்கு இந்தக் கருவியையும் பிராணவாயுச் செறிவூட்டிகளையும் கொடுத்து, ஊழியர்களைப் பயிற்றுவித்தார்கள். நிமோனியாவால் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பிள்ளைகள் இறந்துவந்த இடத்தில் அது மூன்றளவுக்குக் குறைந்தது. 2008-இல் வெளியான இந்த ஆய்வு, மலைப்பகுதிகளில் பணிசெய்யும் எவருக்கும் ஊக்கமளிப்பது.

2. மூன்று வழிகள்

முதலாவது, சிலிண்டர். எல்லாரும் கண்டிருக்கும் பெரிய சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் வாயு அடங்கும். நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் ஒருவருக்குக் கொடுத்தால் 23 மணி நேரம் வரும். கடும் நோயாளிக்கு 60 லிட்டர் தேவைப்பட்டாலோ இரண்டு மணி நேரம்கூட வராது.

இரண்டாவது, செறிவூட்டி. ஜியோலைட் என்னும் துகள்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ள, 90 சதவீதத்துக்கு மேற்பட்ட பிராணவாயு வெளியே வரும். கட்டிலருகே வைக்கும் சிறு கருவியும், முழு மருத்துவமனைக்கும் போதுமான பெரிய ஆலையும் இதே முறையில்தான் இயங்குகின்றன. லாரிக்குக் காத்திருக்க வேண்டாம். ஆனால் மின்சாரம் நின்றால் இதுவும் நிற்கும்.

மூன்றாவது, திரவப் பிராணவாயு. மைனஸ் 183 டிகிரிக்குக் குளிர்விக்கப்பட்ட ஒரு லிட்டர் திரவம் 800 லிட்டருக்கு மேற்பட்ட வாயுவாக விரியும். பெரிய மருத்துவமனைகளுக்கு ஏற்றது. டாங்கர் வண்டி வந்துகொண்டே இருக்கவேண்டும்.

3. எங்கே தடைபடுகிறது?

நம் தேசம் கண்ணீரோடு கற்ற மூன்று பாடங்களைக் கவனியுங்கள்.

கோரக்பூர், 2017 ஆகஸ்ட். அங்குள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் திரவப் பிராணவாயு விநியோகம் தடைபட்டது. இரண்டு நாட்களில் சுமார் 30 குழந்தைகள் இறந்தார்கள். பிராணவாயுக் குறைவு காரணமல்ல என்று மாநில அரசு சொன்னது. ஆனாலும் விநியோகித்த நிறுவனத்துக்குப் பல லட்சம் ரூபாய் நிலுவை இருந்தது வெளியாயிற்று.

நாசிக், 2021 ஏப்ரல் 21. தொட்டியில் பிராணவாயு இருந்தது. கசிவு ஏற்பட்டு அழுத்தம் குறைந்ததால் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

செங்கல்பட்டு, 2021 மே மாதத் தொடக்கம். ஓரிரவில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குழாயில் அழுத்தம் குறைந்தது என்று உறவினர்கள் கதறினார்கள். கையிருப்பில் குறைவில்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். கையிருப்பு போதுமானதாயிருந்தும் கட்டில்வரை அழுத்தம் குறையாமல் வருகிறதா என்ற கேள்வி அன்று எல்லா மருத்துவமனைகளுக்கும் எழுந்தது.

பணம் கட்டுவது, தொட்டியைக் காப்பது, குழாயின் அழுத்தத்தைக் கவனிப்பது: இவை வெவ்வேறு ஆட்களின் வேலைகள். ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி முழுவதும் வீண்.

4. நம் பகுதிக்குரிய பாடம்

தியாகதுருகத்தில் நெடுஞ்சாலை உண்டு. சிலிண்டர் லாரி வந்துவிடும். மலைமேல் அப்படியல்ல. வெள்ளிமலையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கி, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு வரவேண்டும். 2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது பெரிய ஆறுதல். ஆனால் அதுவரை மூச்சு தாங்கவேண்டுமே! 1,500 லிட்டர் கொள்ளும் சிறிய சிலிண்டர் நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் ஐந்து மணி நேரம் வரும். அதுவும் நிறைந்திருந்தால் மாத்திரமே. புறப்படுமுன் அழுத்தமானியைப் பார்ப்பது ஓர் உயிரின் காரியம்.

2021-இல் தேசமெங்கும் ஆலைகள் எழும்பின. பிரதமர் நிதியிலிருந்து மாத்திரம் 1,100-க்கும் மேற்பட்டவை நிறுவப்பட்டன. நமக்கும் நண்பர்கள் செறிவூட்டிகளை அனுப்பினார்கள். வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். அவற்றில் ஒன்று, ஒரு சிறு வால்வு வாங்காததால் மாதக்கணக்கில் மூலையில் கிடந்தது. மேலே நன்கொடையாளரின் பெயர்ப் பலகை பளபளத்தது, உள்ளே சுவாசமில்லை. கொடுத்தவர்மேல் குற்றமில்லை, கவனிக்க ஆளை நியமிக்காத எங்கள்மேல்தான் குற்றம்.

பத்துக் கன்னிகைகளின் உவமையை அறிவீர்கள். பத்துப் பேரிடமும் தீவட்டி இருந்தது. நடுராத்திரியில் வித்தியாசத்தைக் காட்டியது, ஐந்து பேர் தனியே எடுத்து வைத்திருந்த எண்ணெய். கருவி தீவட்டி என்றால் டீசல், வடிகட்டி, உதிரிப்பாகம், மெக்கானிக்கின் சம்பளம் ஆகியவையே எண்ணெய். இப்போது இரவுப்பணிக்கு வரும் செவிலியர் முதல் வேலையாகச் சிலிண்டர்களின் அழுத்தத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடுகிறார். வாரம் ஒருமுறை வடிகட்டிகளைக் கழுவுகிறோம். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எடுக்கும்வரை மாற்றிக்கொள்ள, ஒவ்வொரு வார்டிலும் நிறைந்த சிலிண்டர் ஒன்று நிற்கிறது.

இந்தச் செலவுகளுக்குப் பெயர்ப் பலகை வைக்க இடமில்லை. ஆனாலும் இவையே சுவாசத்தைத் தாங்குகின்றன.

அந்த இரவில் பாட்டியம்மாளைப் பெஞ்சில் உட்கார வைத்து, "குழாய் வச்சதால அவரு போகலம்மா. இது பிள்ளைக்கு மருந்து. தீராம நாங்க பாத்துக்கிறோம்" என்றோம். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது, பதிவேட்டில் அன்று மாலை எழுதியிருந்த அளவு நினைவில் இருந்தது. அதனால்தான் துணிந்து சொல்ல முடிந்தது. சற்று யோசித்து அவர் வழிவிட்டார். விடியும்போது கருவி 95 காட்டியது. ஆறாம் நாள் குழந்தை வீடு திரும்பியது.

சிந்திக்கச் சில கேள்விகள்:

1. நாம் கொடுத்த கருவி இன்றும் இயங்குகிறதா என்று எப்போதாவது விசாரித்தோமா?

2. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் உண்டா? அதைப் பார்க்கத் தெரிந்தவர் இரவிலும் இருக்கிறாரா?

3. பிராணவாயுவைக் கண்டு பயப்படும் அண்டைவீட்டாருக்கு நாம் என்ன சொல்லுவோம்?