ஓர் ஆட்டத்துக்கு ஒரே வரையறை: டைப்ஸ்கிரிப்டில் இன்டர்ஃபேஸைப் பகிரும் முறை

2023 செப்டம்பர் 2 அன்று பல்லேகல மைதானத்தில் ஆசியக் கிண்ண ஆட்டம். இந்தியா 266 ஓட்டங்கள் எடுத்தது. மழை விடவில்லை, பாகிஸ்தான் துடுப்பெடுத்தாடவே இல்லை. முடிவில்லை என அறிவித்து இரு அணிகளுக்கும் தலா ஒரு புள்ளி கொடுத்தார்கள். 2012 இருபது20 உலகக் கிண்ணத்தில் நியூசிலாந்து இதே மைதானத்தில் இலங்கையுடனும் மேற்கிந்தியத் தீவுகளுடனும் ஆடிய இரு ஆட்டங்களும் சமநிலையாகி சூப்பர் ஓவருக்குப் போயின. 2010 டிசம்பரில் இங்கு நடந்த முதல் டெஸ்ட், மழையால் வெற்றிதோல்வியின்றி முடிந்தது.

இந்த ஆட்டங்களைப் பதியும் செயலி ஒன்றை டைப்ஸ்கிரிப்டில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஸ்கோர் திரை, புள்ளிப்பட்டியல், அறிவிப்பு ஆகிய மூன்றுக்கும் 'ஆட்டம்' என்ற இன்டர்ஃபேஸ் தேவை. அதை எங்கே வைப்பது, எப்படிப் பகிர்வது என்பதில் கவனம் தவறினால் மூன்று திரையும் மூன்று கதை சொல்லும்.

செய்ய வேண்டியவை

1. வரையறையை ஒரே கோப்பில் எழுதி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். கோப்புக்குப் பொருளின் பெயரை வையுங்கள்: ஆட்டம், அணி, மைதானம். ஒரு கோப்புக்குள் மட்டும் பயன்படும் இன்டர்ஃபேஸ் அங்கேயே இருக்கட்டும். இரண்டாவது கோப்பு கேட்கும்போது பொது இடத்துக்கு மாற்றலாம்.

2. எடுக்கும் இடத்தில் 'இம்போர்ட் டைப்' என்று எழுதுங்கள். 2020இல் வந்த 3.8 பதிப்பிலிருந்து இது உண்டு. இன்டர்ஃபேஸ் கம்பைல் ஆனதும் மறைந்துவிடும். பேபல், இஎஸ்பில்ட் போன்ற கருவிகள் கோப்புகளைத் தனித்தனியே மாற்றுவதால், ஒரு பெயர் வகையா மதிப்பா என்பது அவற்றுக்கு எப்போதும் தெரிவதில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

3. முடிவை உண்மையில் நேரக்கூடிய நிலைகளின் யூனியனாக எழுதுங்கள்: வெற்றி, சமநிலை, வெற்றிதோல்வியின்மை, முடிவில்லை. வெற்றி என்றால் மட்டும் வென்ற அணி இருக்கட்டும். சமநிலை என்றால் சூப்பர் ஓவர் விவரம் இருக்கட்டும். அவற்றைக் கையாளும் ஸ்விட்ச்சின் கடைசியில் 'நெவர்' சோதனை வையுங்கள். நாளை புதிய நிலை ஒன்றைச் சேர்த்தால், அதைக் கவனிக்காத ஒவ்வொரு கோப்பையும் கம்பைலரே காட்டித்தரும். பகிர்வதன் பெரிய பலன் இதுதான்.

4. சிறிய வடிவம் வேண்டுமானால் மூலத்திலிருந்து பெறுங்கள். பட்டியலுக்கு இரண்டு புலங்கள் போதும் என்றால் 'பிக்', ஒன்றை நீக்க 'ஒமிட்', கூட்ட 'எக்ஸ்டெண்ட்ஸ்'.

5. மைதானத்துக்கு ஓர் அடையாள எண் கொடுங்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலப் பெயர்களைத் தனிப் புலங்களாக வையுங்கள். எழுத்துக்கூட்டு மாறினாலும் தரவு மாறாது.

6. வெளியிலிருந்து வரும் ஜேசனை உள்ளே விடும் இடத்திலேயே சோதியுங்கள். ஓடும் நேரத்தில் இன்டர்ஃபேஸ் இருக்காது. தவறான தரவை அது தடுக்காது.

செய்யக்கூடாதவை

1. வரையறையை நகலெடுக்காதீர்கள். டைப்ஸ்கிரிப்ட் பெயரைப் பார்ப்பதில்லை, வடிவத்தைப் பார்க்கிறது. ஒரு நகலில் விருப்பப் புலம் ஒன்று கூடினாலும் மற்றது பொருந்தியதாகவே எடுத்துக்கொள்ளும். பிழைச்செய்தி வராமலே நகல்கள் பிரிந்துபோகும்.

2. இம்போர்ட் எழுதும் சிரமத்துக்காக இன்டர்ஃபேஸை குளோபலாக்காதீர்கள். இம்போர்ட்டோ எக்ஸ்போர்ட்டோ இல்லாத கோப்பில் எழுதியது திட்டம் முழுதும் தெரியும். அதே பெயரில் வேறொருவர் எழுதினால் இரண்டும் ஓசையின்றி ஒன்றாகிவிடும்.

3. சொந்த வகைகளை டி.டிஎஸ் கோப்பில் எழுதாதீர்கள். பல திட்டங்களில் 'ஸ்கிப்லிப்செக்' இயக்கத்தில் இருக்கும். அப்போது அக்கோப்புகளின் உட்பிழைகள் சோதிக்கப்படமாட்டா. சாதாரண டிஎஸ் கோப்பே போதும்.

4. எல்லா வகைகளையும் ஒரே பெரிய கோப்பில் கொட்டாதீர்கள். வகைகளோடு மதிப்புகளையும் மறுஏற்றுமதி செய்யும் 'இன்டெக்ஸ்' கோப்பும் ஆபத்தே. கோப்புகள் ஒன்றையொன்று சுற்றி இழுத்து, ஓடும் நேரத்தில் 'அன்டிஃபைன்ட்' கிடைக்கலாம்.

5. எல்லாப் புலங்களுக்கும் கேள்விக்குறி போடாதீர்கள். வென்ற அணி இல்லாதது மழையாலா, சமநிலையாலா, ஆட்டம் இன்னும் முடியாததாலா என்று படிப்பவருக்குத் தெரியாது.

6. பிழைச்செய்தியை அடக்க 'எனி' போடாதீர்கள். அந்த இடத்திலிருந்து கம்பைலரின் காவல் நின்றுவிடும்.

சேவையகமும் கைப்பேசிச் செயலியும் தனித்தனித் திட்டங்களாக இருந்தால், பொது வகைகளைச் சிறு பொதியாக்கிப் பதிப்பெண்ணோடு இரண்டும் பயன்படுத்தட்டும்.

உங்கள் அமைப்பு சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. 'ஆட்டம்' வரையறையில் கட்டாயப் புலம் ஒன்றைச் சேர்த்துக் கம்பைல் செய்யுங்கள். வரையறைக்காக ஒரே கோப்பை மட்டும் திருத்தினீர்களா? ஆட்டத்தை உருவாக்கும் இடங்கள் எல்லாம் சிவப்பில் தெரிகின்றனவா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால், குழுவில் நாளை சேரும் புதியவரும் அச்சமின்றி அந்தக் குறிமுறையில் கைவைக்கலாம்.