கண்நோக்குக் கருவி வாங்கும் முன் சார்ட்டை அளந்து பாருங்கள்

சார்ட்டைப் பார்ப்பவர் எதை முதலில் பார்க்கிறார், எதைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார் என்று ஆராய வரும் மாணவர்கள் பெரும்பாலும் கேட்பது, “எத்தனை ஹெர்ட்ஸ் கருவி வாங்கலாம்?” என்றுதான். நான் அவர்களிடம் ஒரு ஸ்கேலை எடுக்கச் சொல்வேன். இதைப் பார்த்தாரா, பக்கத்தில் இருப்பதைப் பார்த்தாரா என்று நீங்கள் பிரித்துச் சொல்ல வேண்டிய இரண்டுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது? கருவியை முடிவு செய்வது அந்த இடைவெளிதான்.

திரையிலிருந்து 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால், பார்வைக் கோணத்தில் ஒரு பாகை என்பது திரையில் ஏறக்குறைய 1 செ.மீ. தரமான ஆய்வகக் கருவிகூட, எல்லாம் கூடிவந்தாலும், அரைப் பாகை வரை தவறலாம்; அதாவது 5 மி.மீ. நேரம் போகப் போக அது இன்னும் விலகும். ஒரு கோட்டு வரைபடத்தின் வலது ஓரத்தில் நீலக் கோடும் பச்சைக் கோடும் 4 மி.மீ. இடைவெளியில் ஓடினால், எதைப் பார்த்தார் என்று அந்தக் கருவியை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. லெஜண்டில் நெருக்கி அடுக்கிய பெயர்களுக்கும் இதே கதைதான். வரிகளைத் தள்ளித் தள்ளி வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் எவ்வளவு தள்ளுகிறோமோ, மக்கள் அன்றாடம் பார்க்கும் சார்ட்டிலிருந்து அவ்வளவு விலகிப் போகிறோம்.

இப்போது வெப்கேமுக்கு வருவோம். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2016இல் வெளிவந்த வெப்கேஸர் என்ற மென்பொருள் வெப்கேம் வழியே பார்வையைக் கணித்து பிரவுசருக்குள்ளேயே ஓடும், செலவில்லை, வீட்டிலிருந்தபடியே பலரைப் பங்கேற்க வைக்கலாம். ஆனால் வெப்கேம் முறையில் பிழை 4 பாகை அளவுக்குப் போவது சாதாரணம். திரையில் அது 4 செ.மீ. தலைப்பில் நின்றாரா, படத்தில் நின்றாரா என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அசையாத இன்போகிராபிக்குகளுக்கு என்றால், வெப்கேமைவிட 2017இல் வெளிவந்த பபிள்வியூ முறையையே நான் சொல்வேன். படம் மங்கலாகத் தெரியும். கிளிக் செய்த இடத்தில் மட்டும் ஒரு சிறு வட்டம் தெளியும். எங்கே கிளிக் செய்தார் என்பது துல்லியமாகப் பதிவாகும். அது யோசித்துச் செய்த தேர்வு, தானாக ஓடிய பார்வை அல்ல. இந்த வேறுபாட்டைக் கட்டுரையில் மறைக்காமல் எழுத வேண்டும்.

ஆய்வகக் கருவி அவசியம் என்றால் மட்டும் ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு எத்தனை முறை பதிவு என்பது பற்றிப் பேசலாம். கண் ஓரிடத்தில் நிலைப்பது பொதுவாக 200 முதல் 300 மில்லிவிநாடி. 60 ஹெர்ட்ஸ் கருவி 17 மில்லிவிநாடிக்கு ஒரு முறை பதிவு செய்வதால் அதற்குப் போதும். கண் தாவும் வேகத்தை அளக்க அது போதாது; ஒரு தாவலில் இரண்டு மூன்று புள்ளிகள்தான் கிடைக்கும். தாடையைத் தாங்கியில் வைத்து 1000 ஹெர்ட்ஸில் பதிவு செய்யும் வகை அந்த வேலைக்கானது. சார்ட் ஆய்வில் பெரும்பாலும் தேவைப்படாத வேகம் இது.

பெரிய பகுதிகளை மட்டும் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு, ஆய்வாளர் மிஷெல் போர்க்கின் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 393 காட்சிப்படங்கள், 33 பேர், ஒவ்வொரு படத்துக்கும் 10 விநாடி. தலைப்பும் விளக்க வாசகமும் பார்வையை ஈர்ப்பதையும், பிறகு நினைவிலிருந்து சொல்லும்போது அவையே கைகொடுப்பதையும் அவர்கள் காட்டினார்கள். தலைப்பு, அச்சு, லெஜண்ட், படம் என்று பெரிய பகுதிகளாகக் கேட்டதால்தான் அந்த விடைகளை நம்ப முடிகிறது.

சுவரளவு திரைக்கும் அச்சிட்ட வரைபடத்துக்கும் மூக்குக்கண்ணாடி போல் அணியும் கருவி பொருந்தும். ஆனால் தலை அசைய அசைய ஓடும் வீடியோவில் பதிவான பார்வையை வரைபடத்தின் மேல் பொருத்தும் வேலைக்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். டேஷ்போர்டு என்றால் ஸ்க்ரோல், ஜூம், டூல்டிப் எல்லாவற்றையும் நேரக் குறியோடு பதிவு செய்யாமல் சோதனையைத் தொடங்கவே வேண்டாம்.

எந்தக் கருவியானாலும் ஜன்னல் வெயில், பைஃபோகல் கண்ணாடி, அடர்த்தியாகத் தீட்டிய கண் மை ஆகியவை பதிவைக் கெடுக்கும். இதை முன்கூட்டியே பங்கேற்பாளர்களிடம் சொல்லிவிடுங்கள்.

ஒருவர் ஒரு பட்டையையே நெடுநேரம் பார்த்தால், அது பிடித்துப்போனதாலா, புரியாததாலா? பார்வை அதிகம் நின்ற இடத்தைச் சிவப்பாகக் காட்டும் ஹீட்மேப்பில் இரண்டும் ஒரே சிவப்பு. சோதனை முடிந்த கையோடு அவருடைய பார்வைப் பதிவை அவருக்கே ஓட்டிக் காட்டி, “இங்கே என்ன யோசித்தீர்கள்?” என்று கேளுங்கள். கருவிக்கே காசில்லை என்றால், சரியான விடை, எடுத்த நேரம், வாய்விட்டு யோசிக்கச் சொல்லிப் பதிவு செய்த பேச்சு ஆகிய மூன்றை வைத்தே தொடங்கலாம்.