இட்லிப் பானையில் சவான்முஷி

மகன் ஜப்பானில் சாப்பிட்டதாகச் சொன்ன, ஆவியில் அவிக்கும் முட்டைப் பதார்த்தமான சவான்முஷியை இட்லிப் பானையில் செய்தேன். ஓட்டை ஓட்டையாக வந்து தண்ணீர் விடுகிறது. ஏன்? – வாசகி, அம்மையார்குப்பம்

தீ அதிகம், அவ்வளவுதான். முட்டைக் கலவை 80 டிகிரியை ஒட்டியே உறைந்துவிடும். பானை தளதளவென்று கொதித்தால் உள்ளே குமிழ் விட்டு, நீர் பிரிந்துவிடும்.

அளவையும் பாருங்கள். ஒரு முட்டைக்கு 150 மில்லி சாறு. ஜப்பானில் கொம்பு கடற்பாசியும் உலர்ந்த சூரை மீன் சீவலும் போட்ட 'தாஷி' ஊற்றுவார்கள். நமக்கு உப்புப் போட்டு ஆறவைத்த கோழிச் சாறு போதும். வெறும் தண்ணீர் வேண்டாம், சரியாக உறையாது.

நுரைக்காமல் கலக்கி, வடிகட்டி, வெந்த இறாலோ காளானோ போட்ட கிண்ணத்தில் ஊற்றுங்கள். மூடியில் துணி கட்டி, விளிம்பில் கரண்டிக் காம்பைச் செருகி இடைவெளி விடுங்கள். 2 நிமிடம் பெரிய தீ, பிறகு 12 நிமிடம் சிறு தீ. குச்சியால் குத்தினால் தெளிந்த சாறு கசிய வேண்டும். கலங்கலாக வந்தால் இன்னும் 2 நிமிடம்.

நாகசாகியில் 1866-இல் தொடங்கிய 'யோஸ்ஸோ' உணவகத்தில் இதைப் பெரிய கிண்ணத்தில் சாப்பாடாகவே பரிமாறுகிறார்கள். மகனுக்கும் தாராளமாகவே செய்துகொடுங்கள்.