"அத்தை, நீங்க உக்காருங்க" என்று சொல்லலாமா?



போன மாதம் முடிச்சூர் பக்கம் நம் குழு ஒன்றின் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்து தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கும் நேரத்தில் ஒரு பேச்சு வந்தது. அந்தக் குழுவில் 67 வயது அம்மா ஒருவர் இருக்கிறார். ஆரம்பத்தில் இருந்து அவர்தான் பிரதிநிதி. அதிகம் படிக்காதவர். ஆனால் யாருக்கு எவ்வளவு கடன், எத்தனை தவணை பாக்கி என்று விரல் விட்டுச் சொல்லிவிடுவார். இப்போது கட்டிய சந்தாவைக் கட்டவில்லை என்கிறார். பாஸ்புக்கை வைத்த இடம் தெரியவில்லை. "வயசாயிடுச்சு, பேரை எடுத்துடலாம்" என்று சிலர் சொன்னார்கள். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டில் விசாரித்தோம். இரண்டு வருடத்துக்கு முன்பு மூட்டு வலி வந்திருக்கிறது. அதுவரை ரேஷன் கடை, மார்க்கெட், ஏரிக்கரை என்று நடந்துகொண்டே இருந்தவர். மருமகள் பாசமாகத்தான் சொல்லியிருக்கிறாள்: "அத்தை, நீங்க உக்காருங்க, எல்லாம் நான் பாத்துக்கிறேன்." அன்று முதல் நாற்காலியும் டி.வி.யும்தான். கூட்டத்துக்கு வருவதும் குறைந்துவிட்டது.

உட்கார்ந்ததால்தான் மறதி வந்தது என்று நாம் சொல்லிவிட முடியாது. மறதி முதலில் தொடங்கி, அதனால் நடமாட்டம் குறைந்திருக்கவும் கூடும். ஆனால் உடம்பு நடமாட்டத்துக்கும் மூளைக்கும் தொடர்பு உண்டு என்பதை நாம் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அதுவே இந்த மாதப் பாடம்.

காலுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

நம் உடம்பு எடையில் மூளை 100-ல் 2 பங்குதான். ஆனால் நாம் மூச்சில் எடுக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய 20 பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதைக் கொண்டுபோவது ரத்தம். பி.பி.யும் சர்க்கரையும் கட்டுப்பாடு இல்லாமல் இருந்தால், மூளைக்குப் போகும் மெல்லிய ரத்தக்குழாய்கள் கெட்டுப்போகின்றன. தினமும் நடந்தால் பி.பி., சர்க்கரை கட்டுக்குள் வர உதவும். தூக்கம் நன்றாக வரும், மனச்சோர்வு குறையும். இவை எல்லாமே ஞாபகத்துக்கு நல்லது.

அமெரிக்காவில் 120 பெரியவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அதன் முடிவு 2011-ல் வெளியானது. பாதிப் பேர் வாரம் 3 நாள், 40 நிமிடம் நடந்தார்கள். மற்றவர்கள் கை கால் நீட்டும் லேசான பயிற்சி மட்டும் செய்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, நடந்தவர்களுக்கு மூளையில் ஞாபகத்துக்கு முக்கியமான பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. மற்றவர்களுக்கு அது சுருங்கியிருந்தது. பிறகு வந்த எல்லா ஆய்விலும் இதே அளவு பலன் கிடைக்கவில்லை. ஆனாலும் நடப்பது நல்லது என்பதில் மருத்துவர்களுக்குச் சந்தேகம் இல்லை.

நம் ஊரில் இது இருக்கிறதா?

இருக்கிறது. நம் பக்கத்துத் திருப்போரூர் கிராமங்களில் 60 வயதைத் தாண்டிய 750 பேரிடம் செய்த ஆய்வு 1997-ல் வெளியானது. 100 பேரில் 3 அல்லது 4 பேருக்கு டிமென்ஷியா என்னும் மறதி நோய் இருந்தது. 2023-ல் வெளியான அகில இந்திய ஆய்வு வேறு முறையில் கணக்கெடுத்தது. அதன்படி 60 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல், அதாவது நாட்டில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் உள்ளது. ஆண்களில் 100-க்கு 6 பேர் என்றால் பெண்களில் 9 பேர். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம்.

இதில் நல்ல செய்தியும் உண்டு. உலக மருத்துவ வல்லுநர் குழு ஒன்று 2024-ல் 14 காரணங்களைச் சொன்னது. உடலுழைப்பு இல்லாமை, பி.பி., சர்க்கரை, காது மந்தம், கண் பார்வைக் குறைவு, தனிமை, மனச்சோர்வு, படிப்புக் குறைவு, காற்று மாசு ஆகியவை அவற்றில் சில. அந்த 14-ஐயும் சரிசெய்தால் மறதி நோயில் கிட்டத்தட்ட பாதியைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்கிறார்கள்.

"வீட்டு வேலை போதாதா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத குழுவே இல்லை! வீட்டு வேலையும் உடலுழைப்புதான். ஆனால் மிக்ஸி, கிரைண்டர், மோட்டார் தண்ணி வந்த பிறகு குனிந்து நிமிரும் வேலை குறைந்துவிட்டது. மருமகள் வந்தபின் அதுவும் நின்றுவிடுகிறது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. அதாவது வாரம் 5 நாள், அரை மணி நேரம். பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுதான் சரியான வேகம்.

என்ன செய்யலாம்?

1. நடை: முதலில் 10 நிமிடம் போதும். வாரா வாரம் கூட்டுங்கள். ஜி.எஸ்.டி. ரோடு ஓரம் வேண்டாம். அங்கே வண்டிப் புகையும் ஆபத்தும் அதிகம். ஏரிக்கரை, பள்ளி மைதானம், தெருவுக்குள் நடக்கலாம். சர்க்கரை உள்ளவர்கள் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது.

2. கால் பலம்: நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கையை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடி எழுந்து எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 65 முதல் 69 வயதுப் பெண் 11 முறைக்குக் குறைவாகச் செய்தால் காலில் பலம் குறைவு என்று அர்த்தம். இதையே வாரம் 2 நாள் பயிற்சியாகச் செய்யலாம். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

3. தடுமாறாமல் நிற்பது: சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் 10 விநாடி, வாரம் 3 நாள். கீழே விழுந்து தலையில் அடிபடுவதும் மூளையைப் பாதிக்கும்.

4. மனசுக்கும் வேலை: இரண்டு மூன்று பேராகப் பேசிக்கொண்டே நடங்கள். பேரப்பிள்ளைகளோடு பல்லாங்குழி ஆடச் சொல்லுங்கள். கீரை ஆய்வது, பூ கட்டுவது, கோலம் போடுவது எதையும் அவர்கள் கையில் இருந்து பிடுங்காதீர்கள்.

கவனம் தேவை

நடை மறதி நோயைக் குணமாக்கும் மருந்து அல்ல. மறதி தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். தைராய்டு குறை, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும். இவற்றுக்கு மருந்து இருக்கிறது. காதையும் கண்ணையும் சோதித்துப் பாருங்கள். முதியோருக்கென்றே 200 படுக்கையுள்ள அரசு மருத்துவமனை கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தாம்பரத்தில் இருந்து மின்சார ரயிலிலேயே கிண்டிக்குப் போகலாம். நடக்கும்போது நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை விழுந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்தக் குழு என்ன முடிவு எடுத்தது?

பணம் எல்லோருடையது, அதில் ரிஸ்க் எடுக்க முடியாது. அதனால் கையெழுத்துப் பொறுப்பை மட்டும் அந்த அம்மாவின் சம்மதத்தோடு வேறு உறுப்பினருக்கு மாற்றினார்கள். உறுப்பினராக அவர் தொடர்கிறார். கூட்டத்தன்று அடுத்த வீட்டு உறுப்பினர் அவரைக் கைப்பிடித்து நடத்தியே கூட்டி வருகிறார். ரத்தப் பரிசோதனை முடிந்து மருந்தும் தொடங்கியாகிவிட்டது. மறதி குறையுமா என்று இப்போது சொல்ல முடியாது. ஆனால் இந்த மாதம் சேமிப்புப் பணத்தை எண்ணி அடுக்கியது அவர்தான். பக்கத்தில் ஒருவர் சரிபார்த்தார்.

குழுவில் பேசுவோம்

* நம் குழுவில் 60 வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்? கடந்த 3 கூட்டத்துக்கு வராதவர் யார், ஏன் வரவில்லை?
* வீட்டில் பெரியவர்களிடம் இருந்து எந்தெந்த வேலையை வாங்கிக்கொண்டோம்? எதைத் திருப்பிக் கொடுக்கலாம்?
* வாரம் 5 நாள் சேர்ந்து நடக்க எந்த இடம், எந்த நேரம் வசதி?

மூன்றாவது கேள்விக்கான பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள் சகோதரிகளே.