ஒரே வீத வரி: வியாபாரிக்கு இலாபமா, நட்டமா?

வருமான வரிப் படிவம் நிரப்பும் காலம் வந்துவிட்டால் கடை முதலாளிமாரின் வாயில் அடிக்கடி வரும் ஒரு பேச்சு உண்டு. "ஆறு, பதினெட்டு, இருபத்துநாலு என்று இத்தனை படி எதுக்கு? எல்லாருக்கும் பத்தோ பதினைஞ்சோ ஒரே கணக்கா வெச்சா நாங்களும் கட்டிட்டு நிம்மதியா இருப்பமே!"

இது நம் கடைத்தெருவில் மட்டும் எழும் ஆசையல்ல. நாற்பது வருடங்களுக்கு மேலாக உலகின் பல நாடுகளில் நடந்து வரும் பெரும் விவாதம் இது. சில நாடுகள் இதைச் செய்தும் பார்த்துவிட்டன. அவற்றுள் சில இன்றும் அதிலேயே நிற்கின்றன, சில திரும்பி வந்துவிட்டன. அந்த அனுபவத்திலிருந்து வியாபாரிகளாகிய நாம் அறிந்துகொள்ள வேண்டியது என்ன என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

யோசனை எங்கிருந்து வந்தது?

பெரும்பாலான நாடுகளில் வருமான வரி படிமுறையாக அறவிடப்படுகிறது. வருமானம் கூடக்கூட, மேலதிகமாக வரும் பகுதிக்கு வரி வீதமும் கூடும். இதற்குப் பதிலாக, குறிப்பிட்ட ஒரு தொகைக்கு மேல் உழைப்பவர் எவராயினும் ஒரே வீதத்தில் கட்டட்டும் என்பதே ஒரே வீத வரி. ஆங்கிலத்தில் இதனை 'பிளெட் டெக்ஸ்' என்பர்.

அமெரிக்காவின் ஹூவர் நிறுவனத்தைச் சேர்ந்த ரொபர்ட் ஹோல், எல்வின் ரபுஷ்கா ஆகிய இருவரும் 1981ஆம் ஆண்டு இதற்கு ஒரு முழுமையான திட்டத்தை முன்வைத்தனர். அவர்கள் கூறிய வீதம் 19 சதவீதம். வரிப் படிவத்தை ஒரு தபாலட்டையில் அடக்கிவிடலாம் என்பது அவர்களின் வாதம். 1996இல் அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளராவதற்குப் போட்டியிட்ட ஸ்டீவ் ஃபோப்ஸ் 17 சதவீதம் எனப் பிரசாரம் செய்தார். ஆனால் அமெரிக்காவில் இத்திட்டம் சட்டமாகவில்லை.

ஆதரவாளர்களின் நியாயங்களை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது. படிகள் பல இருந்தால், ஒரே கடையின் வருமானத்தை மூன்று சகோதரர்களின் பெயரில் பிரித்துக் காட்டத் தோன்றும். வீதம் உயர்ந்தால் மறைக்கும் ஆசையும் உயரும். வீதம் குறைவாகவும் ஒன்றாகவும் இருந்தால் மறைப்பதில் ஆதாயம் குறைவு, ஆகவே மக்கள் முன்வந்து கட்டுவர் என்கின்றனர்.

நமக்குப் பழக்கமான ஒரு கணக்கு

ஒரே வீதம் என்பது நமக்குப் புதிதல்ல. வியாபாரச் சரக்குக்கு ஸகாத் கணக்கிடும்போது வீதம் இரண்டரை சதவீதம்தான். நிஸாப் என்ற எல்லையும் உண்டு. ஸகாத் ஓர் இபாதத், அரசாங்க வரியல்ல. அது வருமானத்தின் மீதன்றி, ஒரு வருடம் பூர்த்தியான சொத்தின் மீது வருவது. எனவே இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது சரியல்ல. ஆயினும் ஒரு விடயத்தை அனுபவத்தில் நாம் அறிவோம். இரண்டரை வீதத்தைப் பெருக்குவதில் எவருக்கும் குழப்பம் வருவதில்லை. கையிருப்புச் சரக்கை எந்த விலைக்கு மதிப்பது, வரவேண்டிய கடனில் எதைச் சேர்ப்பது, கொடுக்கவேண்டிய கடனில் எதைக் கழிப்பது என்பதில்தான் உலமாக்களிடம் போய்க் கேட்கிறோம்.

வருமான வரியிலும் இதே நிலைதான். நம் நாட்டில் கம்பனிகளின் இலாபத்துக்கு 2022 ஒக்டோபர் முதல் பொது வீதம் 30 சதவீதம். அங்கே படிகள் இல்லை. அதற்காக எந்தக் கம்பனியும் கணக்காளரை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. சிக்கல் வீதத்தில் இல்லை, இலாபம் எது என்று தீர்மானிப்பதில் இருக்கிறது.

செய்து பார்த்த நாடுகள்

சோவியத் ஒன்றியத்திலிருந்து 1991இல் பிரிந்த சின்னஞ்சிறு நாடான எஸ்தோனியா, 1994இல் தனிநபர்களுக்கும் கம்பனிகளுக்கும் 26 சதவீதம் என ஒரே வீதத்தை வைத்தது. பின்னர் படிப்படியாகக் குறைத்து 2015இல் 20 ஆக்கியது, 2025இல் மீண்டும் 22 ஆக உயர்த்தியது. வியாபாரிகள் கவனிக்க வேண்டிய விடயம் வேறொன்று. 2000ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் கம்பனி தன் இலாபத்தைப் பங்குதாரருக்குப் பகிர்ந்து கொடுக்கும்போதுதான் வரி. இலாபத்தைத் திரும்பச் சரக்கிலும் இயந்திரத்திலும் போட்டால் அப்போதைக்கு வரி இல்லை. தொழில் வளர்ப்பவருக்கு உதவியது வீதம் ஒன்றாக இருந்தது மட்டுமல்ல, எப்போது வரி அறவிடப்படுகிறது என்பதும்தான்.

ரஷ்யா 2001இல் 12, 20, 30 என்றிருந்த மூன்று படிகளை நீக்கி 13 சதவீதம் ஆக்கியது. அடுத்த ஒரு வருடத்திலேயே தனிநபர் வருமான வரி வசூல், பணவீக்கத்தைக் கழித்த பின்னும், ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கூடியது. உலகெங்கும் இதனை உதாரணம் காட்டினர். ஆனால் சர்வதேச நாணய நிதியத்தின் ஆய்வாளர்கள் 2005இல் இதை ஆராய்ந்தபோது, வரி குறைந்ததால் மக்கள் கூடுதலாக உழைத்தார்கள் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வரியை ஒழுங்காகக் கட்டும் பழக்கம் கூடியிருந்தது. அது குறைந்த வீதத்தால் வந்ததா, அரசாங்கம் கண்காணிப்பை இறுக்கியதால் வந்ததா என்பதைப் பிரித்துக் காட்ட முடியவில்லை. அதே ரஷ்யா 2021இல் 50 இலட்சம் ரூபிளுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 15 சதவீதம் என்றது. 2025 முதல் 13இலிருந்து 22 வரை ஐந்து படிகள் வந்துவிட்டன.

ஸ்லோவாக்கியா 2004இல் தனிநபர் வரி, கம்பனி வரி, பெறுமதி சேர் வரி மூன்றையும் 19 சதவீதத்தில் நிறுத்தியது. அழகான கணக்குத்தான். ஆனால் முன்னர் 14 சதவீதம் என்ற குறைந்த வற் வரியில் இருந்த பொருட்களும் இதனால் 19க்கு ஏறின. 2013இல் அந்நாடு உயர் வருமானத்துக்கு 25 சதவீதப் படியை மீண்டும் கொண்டு வந்தது. லத்வியா 2018இலும், லித்துவேனியா 2019இலும், செக் குடியரசு 2021இலும் படிமுறைக்குத் திரும்பின. பல்கேரியா 10, ருமேனியா 10, ஹங்கேரி 15 என 2025இலும் ஒரே வீதத்திலேயே இருந்தன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நம் நாட்டு வீதத்தை வைத்தே பார்ப்போம். 2025 ஏப்ரல் முதல் தனிநபருக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா நிவாரணம். அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம். அடுத்து வரும் ஐந்தைந்து இலட்சங்களுக்கு முறையே 18, 24, 30. மீதி முழுவதற்கும் 36. இதை நீக்கி, அதே நிவாரணத்தோடு எல்லோருக்கும் 15 சதவீதம் என வைத்தால் என்ன நடக்கும்?

வருடம் 24 இலட்சம் உழைக்கும் சிறு கடைக்காரர் படிமுறையில் 36,000 ரூபா கட்டுகிறார். ஒரே வீதத்தில் 90,000 கட்ட வேண்டும்.

60 இலட்சம் உழைக்கும் நடுத்தர வியாபாரி படிமுறையில் 10,32,000 கட்டுகிறார். ஒரே வீதத்தில் 6,30,000 போதும்.

3 கோடி உழைக்கும் பெரிய முதலாளி படிமுறையில் 96,72,000 கட்டுகிறார். ஒரே வீதத்தில் 42,30,000 மட்டுமே.

சிறியவருக்கு வரி இரண்டரை மடங்காகிறது. பெரியவருக்குப் பாதிக்கும் கீழே போகிறது. மூவரிடமிருந்தும் திறைசேரிக்கு வந்த 1,07,40,000 ரூபா 49,50,000 ஆகச் சுருங்குகிறது. குறையாமல் அதே தொகை வரவேண்டுமென்றால் ஒரே வீதத்தை 32 சதவீதத்துக்கும் மேல் வைக்க வேண்டும். அப்போது சிறு கடைக்காரரின் நிலை என்ன? "எல்லாருக்கும் ஒரே கணக்கு" என்று கேட்பவர்களில் பலர் இந்த முதல் ஆளின் இடத்தில் இருப்பவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

இதற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. நிவாரணத் தொகையை உயர்த்தினால் சிறியவர் தப்புவார். ஆனால் திறைசேரியின் பள்ளம் இன்னும் ஆழமாகும்.

எதன் மீது வரி?

வீதத்தை விடப் பெரிய கேள்வி இதுதான். 'ஒரே வீதம்' என்ற பேச்சில் சிலர் இலாபத்தைச் சொல்கிறார்கள், சிலர் மொத்த விற்பனைப் புரள்வைச் சொல்கிறார்கள். புரள்வில் ஒரு சதவீதம் என்றால் காதுக்கு இனிமையாக இருக்கிறது. கணக்குப் பார்த்தால் அப்படியில்லை.

சீனி, அரிசி மொத்த வியாபாரி ஒருவருக்கு வருடப் புரள்வு 10 கோடி, தேறிய இலாபம் நூற்றுக்கு இரண்டு, அதாவது 20 இலட்சம். புடவைக் கடைக்காரர் ஒருவருக்குப் புரள்வு 2 கோடி, இலாபம் நூற்றுக்குப் பத்து, அதுவும் 20 இலட்சம். இருவரும் வீட்டுக்குக் கொண்டுபோவது ஒரே தொகை. புரள்வில் ஒரு சதவீதம் வரி என்றால் புடவைக் கடைக்காரர் 2 இலட்சம் கட்டுவார். சீனி வியாபாரி 10 இலட்சம் கட்டுவார், அதாவது தன் இலாபத்தில் சரிபாதி. நட்டம் வந்த வருடத்திலும் அவர் கட்ட வேண்டும். 2022 ஒக்டோபரில் வந்த இரண்டரை சதவீதச் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியில், மொத்த, சில்லறை வியாபாரிகளின் புரள்வில் ஒரு பகுதியை மட்டும் கணக்கில் எடுப்பதற்கும் இந்த மெல்லிய இலாபமே காரணம்.

எதைக் கழிக்கலாம் என்பதும் முக்கியம். ஹோல், ரபுஷ்கா திட்டத்தில் சரக்கு, சம்பளம், இயந்திரம் ஆகியவற்றின் செலவை உடனடியாகக் கழிக்கலாம். ஆனால் வங்கிக் கடனுக்குக் கட்டும் வட்டியைக் கழிக்க முடியாது. கடனில் ஓடும் கடைக்கும் சொந்த முதலில் ஓடும் கடைக்கும் அது ஒரே சட்டமல்ல.

வருமான வரியே வேண்டாம் என்போர்

வேறு சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், வருமான வரியை அடியோடு நீக்கிவிட்டு விற்பனையின் மீது ஒரே வீதம் வைக்கலாம் என்கின்றனர். அமெரிக்கக் காங்கிரஸில் 1999 முதல் மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்டு நிறைவேறாமல் இருக்கும் 'ஃபெயர் டெக்ஸ்' மசோதா இத்தகையது. அதன் வீதம் 23 சதவீதம் என்பர். ஆனால் அது வரியும் சேர்ந்த விலையில் 23. பொருளின் விலை 77 டொலர், வரி 23 டொலர், மொத்தம் 100. நம் கடைகளில் வற் வரி கணக்கிடும் முறையில் பார்த்தால் 77க்கு 23 என்பது ஏறத்தாழ 30 சதவீதம். அது முழுவதையும் கடைசியில் விற்கும் சில்லறைக் கடைக்காரரே அறவிட்டுக் கொடுக்க வேண்டும். எல்லாக் குடும்பங்களுக்கும் மாதாமாதம் ஒரு தொகை திருப்பிக் கொடுக்க அந்த மசோதாவில் இடமிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

நம் அனுபவத்தையும் நினைத்துப் பாருங்கள். 2019 டிசம்பரில் வற் வரி 15இலிருந்து 8 சதவீதமானது. 2020இல் வருமான வரியின் உச்ச வீதமும் 24இலிருந்து 18க்கு இறங்கியது. அன்று சந்தோஷப்படாத வியாபாரி இல்லை. வருமானம் சரிந்த பின் 2022இல் வற் வரி 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆனது. வருமான வரியின் உச்ச வீதம் 2023இல் 36 ஆனது. இன்று குறைத்த வரி நாளை வேறு வாசலால் வரும் என்பதை அந்த நான்கு வருடங்கள் காட்டின.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

நாளை யாராவது "ஒரே வீதம், இலேசான வரி" என்று வாக்குறுதி தந்தால், கைதட்டுவதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று, வரி இலாபத்தின் மீதா, புரள்வின் மீதா, விற்பனையின் மீதா?

இரண்டு, விலக்களிக்கப்படும் தொகை எவ்வளவு?

மூன்று, வாடகை, சம்பளம், வட்டி, பழுதான சரக்கு, அறவிட முடியாத கடன் இவற்றில் எதைக் கழிக்கலாம்?

நான்கு, திறைசேரிக்குக் குறையும் பணம் எங்கிருந்து வரும்?

இந்த நான்குக்கும் பதில் தெரிந்த பிறகுதான் வீதம் பத்தா பதினைந்தா என்ற பேச்சுக்கு அர்த்தம் உண்டு. ஒன்று மட்டும் நிச்சயம். வீதம் ஒன்றானாலும் ஐந்தானாலும், கொள்வனவுச் சிட்டைகளை ஒழுங்காகச் சேர்த்து, வரவு செலவை அன்றன்றே எழுதி வைக்கும் வியாபாரிக்குத்தான் தன் இலாபம் இவ்வளவே என்று நிரூபிக்க முடியும். கணக்கில்லாதவருக்கு அதிகாரி போடும் மதிப்பீடே கணக்கு. எந்த வரித் திட்டம் வந்தாலும் அந்தக் கொப்பியை மூடி வைக்க முடியாது.