கொட்டகையில் வளரும் மிளகுக் கொடித்துண்டுகளில் இலை வெளுத்தலும் சுருளுதலும்

மிளகு சாகுபடி செய்வோர் மாசி, பங்குனி மாதங்களில் தாய்க்கொடியின் அடியிலிருந்து படரும் ஓடுகொடிகளை அறுத்து, இரண்டு அல்லது மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளாக்கிப் பைகளில் நட்டுக் கொட்டகையின் நிழலில் வைத்து வளர்ப்பது வழக்கம். மழைக்காலத் தொடக்கத்தில் இவை தோட்டத்தில் நடுவதற்குத் தகுதியாகின்றன. இந்த இடைக்காலத்தில் இலைகள் மஞ்சளித்தலும் ஓரம் சுருளுதலும் பல கொட்டகைகளில் காணப்படும் குறைகளாம். மஞ்சளைக் கண்டதும் யூரியா இடுவதும், சுருளைக் கண்டதும் தண்ணீர் ஊற்றுவதும் குடியானவர் பலரது பழக்கமாயிருக்கிறது. காரணம் அறியாமல் செய்யும் இச்சிகிச்சையால் பல சமயங்களில் நோய் வளர்கிறதேயன்றித் தணிவதில்லை.

மிளகுக் கொடி மூன்றாம் ஆண்டிலே காய்க்கத் தொடங்கி, இருபது ஆண்டுகளுக்கு மேலும் பலன் தரவல்லது. நோயுற்ற துண்டொன்றை நட்டால், அதன் பலனை இழப்பதோடு, அதனுடன் சென்ற நோயும் தோட்டம் முழுவதும் பரவ இடமுண்டாகும். ஆகையால் கொட்டகையிலேயே குறையைக் கண்டறிதல் அவசியம். கீழ்க்காணும் நான்கு சோதனைகளை வரிசையாகச் செய்தல் வேண்டும்.

1. குறை எங்கே தோன்றுகிறது? கூரையின் இடைவெளி வழியே வெயில் விழும் இடத்தில் மட்டும் இலைகள் வெளிறித் திட்டுத்திட்டாகக் கருகியிருப்பின், அது வெயிலின் கொடுமையே. நிழலைச் சீர்ப்படுத்தினால் போதும். நண்பகலில் குழைந்து சுருண்டு, மாலையில் நிமிருமாயின் வறட்சியும் வெப்பமுமே காரணம். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் உள்ள பைகள் மட்டும் மஞ்சளித்தால் வடிகாலின் குறை என ஊகிக்கலாம். நல்ல பைகளின் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோன்றினால் துண்டிலோ மண்ணிலோ உள்ள நோயைச் சந்தேகிக்க வேண்டும்.

2. முதிர்ந்த இலையா, இளந்தளிரா? அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு எனலாம். முதிர்ந்த இலைகளில் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளித்தால் மக்னீசியக் குறைவு. அதே தோற்றம் இளந்தளிரில் முதலில் காணப்படின் இரும்புக் குறைவு; சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் நீரிலும் இது நேரும். நரம்புகள் வெளிறி, பச்சையும் மஞ்சளுமாகத் தேமல் படர்ந்து, இலை சிறுத்து நெளிந்திருப்பின் அது நச்சுயிரி நோயாகும்.

3. இலையின் ஓரமும் அடிப்புறமும் எப்படி உள்ளன? ஓரம் கீழ்நோக்கி உட்புறமாக மடிந்து தடித்துக் குழல்போல் இருந்தால், மடிப்பை விரித்துப் பூதக்கண்ணாடியால் பார்க்க. கறுத்த சிறு பூச்சிகளும், வெண்ணிறக் குஞ்சுகளும் தென்படின் அவை இலைப்பேன்கள். இலையில் கரும்புள்ளி தோன்றி, விளிம்பு இழையிழையாகப் பரவி விரைவில் இலை உதிருமாயின் அது பூஞ்சண அழுகல்.

4. வேர் எவ்வாறு உள்ளது? இதுவே பலராலும் செய்யப்படாத சோதனை. ஐயமுள்ள பை ஒன்றைக் கிழித்து, வேரை நீரில் மெல்லக் கழுவிப் பார்க்க. வேர் வெண்மையாகவும் உறுதியாகவும் இருந்து, இலை மட்டும் வெளிறியிருந்தால் உரமே தேவை. சிறு சிறு முடிச்சுகள் காணப்படின் நூற்புழு குடியிருக்கிறது. வேர் பழுத்து அழுகியிருந்தால் அது நீர்த்தேக்கத்தாலோ, பூஞ்சணத்தாலோ, முடிச்சுண்டாக்காமல் வேரைத் துளைக்கும் வேறொரு வகை நூற்புழுவாலோ ஆகலாம். இதனை வேளாண்மை ஆய்வுக்கூடத்தில் காட்டித் தெளிதல் நலம். அழுகிய வேருக்கு யூரியா இடுதல் வீண் செலவே.

சிகிச்சை முறைகள்

சத்துக் குறைவுக்குக் கடலைப் பிண்ணாக்கும் சாணமும் ஊறிய தெளிவுநீரைச் சிறிதளவு ஊற்றலாம். இலைப்பேன் மடித்த இலைகளைக் கிள்ளி எரிக்க வேண்டும். மிகுந்துவிடின் வேளாண்மை அலுவலரைக் கேட்டு மருந்து தெளிக்க. அழுகல் நோய்க்கு, நோயுற்ற பைகளை அகற்றியபின் எஞ்சியவற்றுக்கு நூற்றுக்கு ஒரு பங்கு போர்டோக் கலவை தெளித்தல் வேண்டும். மயில்துத்தம் 1 கிலோவை 50 லிட்டர் நீரிலும், நீற்றிய சுண்ணாம்பு 1 கிலோவை வேறு 50 லிட்டர் நீரிலும் கரைத்து, துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்க. இரும்புப் பாத்திரம் ஆகாது. துலக்கிய கத்தியைக் கலவையில் சிறிது நேரம் வைத்து எடுத்தால் செம்பு படியலாகாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க. கலவையை அன்றே உபயோகித்துவிட வேண்டும்.

நச்சுயிரி நோய்க்கு மருந்து கிடையாது. அத்தகைய துண்டுகளை இரக்கமின்றி எரித்துவிடுவதே வழி. தேமல் கண்ட தாய்க்கொடியிலிருந்து ஒரு கணுவும் எடுக்கலாகாது. துண்டின் மூலமே இந்நோய் முதலில் பரவுகிறது. பின்னர் மாவுப்பூச்சியும் அசுவினியும் அதைக் கொடிக்குக் கொடி எடுத்துச் செல்லும். நூற்புழுவுற்ற துண்டுகளையும் தோட்டத்தில் நடலாகாது.

வருமுன் காத்தல்

மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மட்கிய தொழு உரம் 1 பங்கு கலந்து, முந்திய கோடையிலேயே நனைத்துப் பரப்பி, தெளிந்த பாலிதீன் விரிப்பால் நான்கு முதல் ஆறு வாரம் மூடி வைத்தால் வெயிலின் சூடு நூற்புழுவையும் பூஞ்சணத்தையும் பெரிதும் குறைக்கும். பைகளின் அடியில் துளைகள் அமைக்க. மண்ணைத் தொட்டு, ஈரம் குறைந்தபின்பே நீர் ஊற்றுக.

நாற்றை விலைக்கு வாங்குவோரும் இலையின் பசுமையை மட்டும் பார்த்து ஏமாறாமல், ஒன்றிரண்டு பைகளைக் கிழித்து வேரைப் பார்த்து வாங்குதல் வேண்டும். ஒரு பையின் விலை சொற்பம். நோய் புகுந்த தோட்டத்தின் நஷ்டமோ பல ஆண்டுகள் தொடரும்.