கணக்கும் காரணமும்

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர் இராசகிரியின் அடிவாரத்திலுள்ள நெற்களஞ்சியத்தையும் பார்ப்பர். அதன் நீள, அகல, உயரங்களை அளந்தால், எத்தனை கலம் நெல் அதனுள் கொள்ளும் என்று கணக்கிட்டுவிடலாம். அந்நெல்லை விளைவித்தோர் மனமுவந்து அளந்தனரா, அவர்தம் வீட்டிற்கு எவ்வளவு மிஞ்சியது என்பனவற்றை அச்சுவர்கள் சொல்லமாட்டா. கணக்கியலிலும் மேலாண்மையிலும் ஆய்வு செய்வோர் எதிர்கொள்ளும் சிக்கலும் இத்தகையதே.

அளக்கத்தக்கவற்றை எண்களாகத் திரட்டி ஆராய்வது அளவுசார் ஆய்வு. நேர்காணல், உற்றுநோக்கல் ஆகியவற்றின் வழியே காரணங்களைத் தேடுவது பண்புசார் ஆய்வு. ஒரே வினாவிற்கு விடைகாண இவ்விரண்டையும் இணைப்பது கலப்புமுறை ஆய்வு. அட்டவணைக்குப் பின்னே நால்வர் கூற்றை ஒட்டிவைப்பது இணைப்பு ஆகாது; ஆய்வேடுகள் பலவும் வழுக்குவது இவ்விடத்தில்தான். ஒரு முறை எழுப்பும் ஐயத்தை மற்றொரு முறை தீர்க்க முயலவேண்டும்.

விலைப் பதிவேடும் முன்பணமும்

செஞ்சியின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். இத்தகைய கூடங்களுக்கு வழிவகுத்தது 1933ஆம் ஆண்டின் சென்னை வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம். வணிகர்கள் தத்தம் விலையை மறைவாக எழுதித் தருவர். மிகுந்த விலை குறித்தவருக்கே விளைபொருள் உரியதாகும். கூடத்தின் விலை வெளிவிலையைவிட மிகுதியாக உள்ளது என்றும், ஆயினும் உழவர் சிலர் வெளியிலேயே விற்கின்றனர் என்றும் கொள்வோம். பதிவேட்டை மட்டும் காண்பவருக்கு அவ்வுழவர்கள் கணக்கறியாதவர்களாகத் தோன்றுவர்.

அவர்களுடன் திண்ணையில் அமர்ந்து பேசினால் வேறு செய்தி வெளிப்படலாம். விதைப்பின்போது வணிகர் முன்பணம் தந்திருப்பார். விளைச்சலைத் தமக்கே தரவேண்டும் என வாய்மொழியாகக் கூறியிருப்பார். அவரைத் தவிர்த்தால் அடுத்த பருவத்திற்கு உரம் வாங்கக் கைகொடுப்பார் இல்லை. எந்தப் பேரேட்டிலும் எழுதப்படாத வட்டி, அந்த விலைக்குறைவினுள் ஒளிந்திருக்கிறது! எனினும், இது மூவரின் நிலையா, முந்நூறு பேரின் நிலையா என்பதைத் திண்ணைப் பேச்சு காட்டாது. எனவே, ஆய்வாளர் முன்பணம் குறித்த வினாக்களைச் சேர்த்து, வினாநிரலுடன் மீண்டும் ஊருக்குள் செல்லவேண்டும்.

எழுதப்படாத உழைப்பு

உழவரின் செலவுக்கணக்கில் விதை, உரம், டீசல், கூலி ஆகியன இடம்பெறும். அவருடைய மனைவி நாற்று நட்ட நாள்களும் களை பறித்த நாள்களும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம் குடும்ப உழைப்பிற்கும் மதிப்பிட்டுச் செலவில் சேர்க்கும் ஒரு கணக்கைப் பின்பற்றுகிறது. அவ்வாறு சேர்த்தால், இலாபம் தந்ததாகக் கருதப்பட்ட வயல் இழப்பில் நிற்கவும் கூடும். அந்நாள்களை அறிய அப்பெண்ணிடமே கேட்கவேண்டும். அவற்றின் மதிப்பை அறிய உள்ளூர்க் கூலிவிகிதம் வேண்டும்.

தொழிற்சாலைகளிலும் இவ்வாறு நிகழ்ந்துள்ளது. அமெரிக்காவின் சிகாகோ அருகே, ஹாதார்ன் ஆலையில் 1924இல் விளக்கொளிக்கும் உற்பத்திக்கும் உள்ள தொடர்பை அளக்கத் தொடங்கினர். கிடைத்த எண்கள் தெளிவான விடை தரவில்லை. பின்னர் 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளரை நேர்கண்டனர். இடையில் முன்வகுத்த வினாக்களை விலக்கி, அவர்கள் விரும்பியதைப் பேசவிட்டது குறிப்பிடத்தக்கது.

இருவேல்பட்டு

செஞ்சி அமைந்துள்ள விழுப்புரம் மாவட்டத்திலேயே, நூறாண்டுக்கால ஆய்வு வரலாறு கொண்ட சிற்றூர் ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் மாணவர்களைக் கொண்டு சிற்றூர்களை ஆராயத் தொடங்கினார். 1918இல் வெளிவந்த அத்தொகுப்பில் இருவேல்பட்டும் இடம்பெற்றது. பி.ஜே. தாமசும் கே.சி. இராமகிருட்டிணனும் 1930களில் அவ்வூரை மீளாய்வு செய்தனர். எஸ். குகனும் ஜோன் மென்சரும் 1980களின் தொடக்கத்தில் அதனை ஆராய்ந்தனர். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் மீண்டும் சென்றனர்.

நிலம், கூலி, தொழில் ஆகியவற்றின் மாற்றத்தை எண்கள் காட்டின. பெருநிலக்கிழார் குடும்பத்தின் பிடி எவ்வாறு தளர்ந்தது, உழைப்போர் அதனை எவ்வாறு உணர்ந்தனர் என்பனவற்றை உரையாடல்கள் உணர்த்தின. 1916இல் எழுதிவைத்த கணக்கு இல்லையெனில், முதியவர் ஒருவர் ‘அந்தக் காலத்தில்’ என்று தொடங்கும் பேச்சை ஒப்பிட்டு நோக்க வழியிருந்திராது. அவர் பேசவில்லையெனில், அக்கணக்கில் கூலி என்று குறிக்கப்பட்ட நெல் எத்தகைய கட்டுப்பாட்டுடன் அளக்கப்பட்டது என்பது வெளிவந்திராது.